வாளையாருக்கு இந்தப் பக்கம்

சந்தோஷமாக இருக்கிற யாரும் ரயில்வே போலீஸைத் தேடி வருவதில்லை. தொண்ணூறுகளில் போத்தனூரில் ஏட்டாக இருந்தேன். வாளையார் தாண்டினால் கேரளா. அங்கே நடந்தால் அவர்கள் கேஸ், இங்கே நடந்தால் எங்கள் கேஸ். ரயிலில் எதையாவது தொலைத்துவிட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்த நீங்களும் நானும் ஒரே கட்சி.

தூக்கத்தில் போன பை

பாலக்காட்டிலிருந்து வந்த காலை வண்டியில் ஒரு நர்ஸ் பெண் அழுதுகொண்டே இறங்கினாள். பதினோரு மணிக்குக் கோயமுத்தூரில் இன்டர்வியூ. சர்டிபிகேட் வைத்த பையைக் காணோம்.

"வாளையாருக்கு முன்னாலயா, பின்னாலயாம்மா?" என்றேன். தூங்கிவிட்டாளாம். கேட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது. புகாரை வாங்கிக்கொண்டு யார்டு முழுக்கத் தேடினோம். திருடன் பையை எடுத்துக்கொண்டு ஃபைலை மட்டும் தண்டவாளத்தோரம் வீசியிருந்தான். பத்து மணிக்கு அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சாரே, இது கிடைச்சது உங்க பக்கமா, எங்க பக்கமா?"

ஆற்றுப் பாலத்தருகே

வாளையார் பாலத்தருகே வண்டியிலிருந்து ஓர் அம்மா விழுந்துவிட்டதாகத் தகவல். ஜீப்பில் ஓடினேன். பாலக்காட்டு ஏட்டு மாதவன் எனக்கு முன்பே வந்திருந்தார். விழுந்தது அவர் எல்லையில்; ஜீப் இருந்தது என்னிடம். "காகிதமெல்லாம் பிறகு எழுதலாம், தூக்குங்க" என்றார். மேலதிகாரியிடம்கூடச் சொல்லாமல், அந்த அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாநிலம் தாண்டி வந்தார் மனுஷன்.

கால் எலும்பு முறிவோடு அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் மதுக்கரை வரும்வரை எங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. அங்கேதான் கண்ணைத் திறந்தார். அந்தியூர்ப் பேச்சு. "ஏனுங்க, என்ர சோத்துத் தூக்குப்போசி வண்டியிலயே போயிருச்சுங்களா?"

டீ வாங்கப் போனவர்

பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைத் தொழிலாளி ஒருவர், கல்யாணமாகிப் பத்தே நாள். மனைவியோடு திருச்சூர் போகிற வழியில் போத்தனூரில் டீ வாங்க இறங்கினார். வண்டி அந்தப் பெண்ணோடு கிளம்பிவிட்டது.

"சேலை என்ன கலரு?" என்று கேட்டேன். "புதுச்சேலைங்க" என்றார். வேறு அடையாளம்? "பயந்த சுபாவங்க" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. மாதவனுக்குப் போன் போட்டேன். அவர் பெட்டி பெட்டியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பெண்ணைப் பாலக்காட்டில் இறக்கிவிட்டார்.

அடுத்த வண்டியில் மாப்பிள்ளையை நானே கூட்டிப்போனேன். என்ன சமாதானம் சொல்வது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பெஞ்சில் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்த பெண், அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டீயாவது குடிச்சீங்களா, இல்லீங்களா?"

ஓய்வு பெற்று வெகு காலமாகியும், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் டீ வாங்க எழுந்தால் என் கை தானாகப் போய் அவர் சட்டையைப் பிடித்து, ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் எனக்குத் திட்டு வாங்கிக் கொடுக்கிறது.