பலகையில் நான்கு வெட்டுகள்

என் பலகையில் உளி வைத்தது நீங்கள்தான், சார். பழியைக் கொள்ளேகால்காரர் தலையில் தள்ளியதும் நீங்கள்தான். நான் அந்த மனிதரைப் பிடித்துக் கத்தியபோது டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெயர் எழுத மாட்டேன். படித்தால் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் தசரா முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டு மாடி. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அப்பா ரயில்வே வேலைக்கு இங்கே வந்தவர், நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர்தான். பெண்ணாக இருந்தாலும் என் குரல் பெரிது. அறுபது பேர் நிற்கும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரல். அந்தக் குரலால்தான் இந்தக் கதையே.

நாலு வருடமாக நான் மரப்பலகையில் படம் செதுக்கி அச்சு எடுக்கிறேன். பலகையில் வெட்டிய இடம் காலியாக விழும். வெட்டாமல் விட்ட இடத்தில் மை ஒட்டி, காகிதத்தில் இறங்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கை பிடித்துவிட்டால் விடாது. அந்த மாடியில் நாங்கள் ஒன்பது பேர். வீடும் அச்சு இயந்திரமும் சாருடையது. ஊரில் பெயர் உள்ள ஓவியர். எனக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், அதை மறைக்கவில்லை. மற்றபடி உளி, ரோலர், மை, தீட்டுக்கல் எல்லாம் பொது. யாருடையதையும் யாரும் எடுக்கலாம், துடைத்து அதே இடத்தில் வைக்க வேண்டும். சாரின் உளிகள் மட்டும் பொது இல்லை. அவை ஒரு தகரப் பெட்டியில் பூட்டோடு இருக்கும்.

வருடத்துக்கு ஒரு தடவை ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு படம் செய்து, பத்துப் பத்து பிரதி எடுப்போம். ஒன்பது பேருக்கும் ஒவ்வொன்று, கண்காட்சிக்கு ஒன்று. கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் ஒன்பது படங்கள் கொண்ட ஒரு ஃபைல் இருக்கும். அன்று மாலை ஆறு மணிக்கு ஃபைல் கட்டுவது. அதற்குள் பத்துப் பிரதி கொடுக்காதவர் பெயர் அந்த வருடம் இல்லை. முந்தின வருடம் டியூட்டி மாறிக்கொள்ள ஆள் கிடைக்காமல் நான் விட்டுவிட்டேன். இந்தத் தடவை எப்படியும் விடக்கூடாது என்று இரண்டு மாதமாக ஞாயிறு டியூட்டியை மாற்றி மாற்றி வந்து வேலை செய்திருந்தேன்.

என் படம் காலை எட்டு மணி பஸ் ஸ்டாண்டு. ஐந்து நிறம், ஒரே பலகை. முதலில் கொஞ்சம் வெட்டி எல்லாக் காகிதத்திலும் மஞ்சள் அடிக்க வேண்டும். அதே பலகையில் இன்னும் வெட்டி அதன்மேல் ஆரஞ்சு. இன்னும் வெட்டி சிவப்பு, பிறகு பச்சை, கடைசியில் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் பலகை கரைந்துகொண்டே வரும். பின்னால் போக வழியே கிடையாது. கறுப்புக்கு வரும்போது பலகையில் அங்கங்கே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். பார்க்கிறவருக்கு அது குப்பையில் போட வேண்டிய கட்டை. எனக்கு அதில்தான் எல்லா முகத்தின் கண்ணும் மூக்கும் தலைமயிரும் இருந்தது. அது இல்லாவிட்டால் காகிதத்தில் இருப்பது வெறும் கலர் திட்டு.

பன்னிரண்டு காகிதத்தில் ஆரம்பித்தேன். சிவப்பில் ஒன்று நகர்ந்துவிட்டது, பச்சையில் ஒன்று கறைபட்டது. மிச்சம் சரியாகப் பத்து. ஒன்றைக்கூடக் கெடுக்க முடியாது.

மதியம் பன்னிரண்டரைக்கு கறுப்புக்கான வெட்டு முடிந்தது. பலகையை ஜன்னல் பக்க மேஜையில் வைத்துவிட்டு மொட்டை மாடிக் குழாயில் ரோலர் கழுவப் போனேன். தப்பு என்னுடையதும் உண்டு. அந்த மேஜையில்தான் தீட்டுக்கல்லும் கழிவுக் கட்டைகளும் இருக்கும். உளியைத் தீட்டியதும் கழிவுக் கட்டையில் ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பது எல்லோர் வழக்கம். என் பலகையை அங்கே வைத்திருக்கக் கூடாது.

திரும்பி வந்தபோது பலகையில் நான்கு புது வெட்டு. நேர் நேராக, பக்கத்துப் பக்கத்தில், ஏழு முகங்களின் குறுக்கே. யாரோ உளி கூராக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள்.

தீட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்தவர் கொள்ளேகால்காரர். பட்டுத்தறிக்கு ஓட்டை போட்டு டிசைன் அட்டை அடிக்கிறவர், நாற்பது வயது இருக்கும். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கொள்ளேகாலிலிருந்து வருவார், அதிகம் பேச மாட்டார். எங்கள் எல்லோருடைய உளியையும் தீட்டித் தருவது அவர்தான். அவர் தீட்டினால் உளி வெண்ணெயில் போவதுபோலப் போகும். அன்றும் அவர் மடியில் நாலைந்து உளி இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"கண்ணு எங்கய்யா வெச்சிருந்தீங்க?" என்று ஆரம்பித்தேன். "ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா ஒவ்வொருத்தன் கால்ல விழுந்து டியூட்டி மாத்திட்டு வந்து செஞ்சது. பலகை எது, குப்பை எதுன்னு தெரியாதா? உங்க கொள்ளேகால்ல இப்படித்தான் அடுத்தவங்க பொருள்ல கை வெப்பீங்களா?"

ஊரை இழுத்திருக்கக் கூடாது. இழுத்தேன்.

அவர் எழுந்து நின்றார். "நானு பண்ணலீங்கக்கா."

"அப்போ பலகை தானா வெட்டிக்கிச்சா?"

"நானு இங்க ஒக்காந்ததே இப்பத்தானுங்க. அந்தப் பலகையத் தொடவே இல்லீங்க."

சுற்றி ஆறு பேர். அதுவரை டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சார் முன்னால் வந்தார். பலகையைக் குனிந்து பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, "பாவம், தெரியாம பண்ணிட்டாரு. ஆயிடுச்சு, பிடும்மா" என்றார். கன்னடத்தில் பிடு என்றால் விட்டுவிடு. விட்டுவிடச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில், செய்தவர் இவர்தான் என்று முத்திரை குத்திவிட்டார்.

கொள்ளேகால்காரர் சாரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தன் பைக்குள் கைவிட்டு, பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பலகையை எடுத்து என் முன்னால் வைத்தார். அடுத்த படத்துக்காக அவர் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தது. என் பலகையின் அதே அளவு.

"இதுல புதுசா வெட்டுங்கக்கா. ஆறு மணிக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். தீட்டிய உளிகளை வரிசையாக அதன் பக்கத்தில் வைத்தார். தன் பத்துப் பிரதியை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் நன்றி சொல்லவில்லை. மணி ஒன்று.

"ஏன் கஷ்டப்படறே? பழைய பலகையிலேயே அடி, வெள்ளையா விழற கோட்டை பிரஷ்ல கறுப்பாக்கிடு" என்றார் சார். அச்சில் விழாததைக் கையால் தீட்டினால் அது அச்சே இல்லை என்று எங்களுக்கு நாலு வருடமாகச் சொன்னவர் இவர். மரத்தூள் பசை வைத்து அடைக்கலாம், ஆனால் ஆறு மணிக்குள் காயாது. புதுப் பலகையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய் உட்கார்ந்தேன்.

கறைபட்ட காகிதம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்துக் கண்ணும் மூக்கும் எங்கே வர வேண்டும் என்று வரைந்து, தாளைத் திருப்பி, அடியில் கார்பன் வைத்துப் பலகையில் இறக்கினேன். திருப்பாமல் இறக்கினால் எல்லாம் இடவலம் மாறி விழும். இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு வெட்டத் தொடங்கினேன். யாரோ சாப்பாட்டுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்கள். தொடவில்லை. உளி ஒருமுறை வழுக்கி இடது கட்டைவிரலில் ஏறியது. ரத்தம் பலகையில் படக்கூடாது என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் துணி தேடினேன்.

நாலரைக்கு வெட்டு முடிந்தது. இயந்திரத்தில் வேறொருவர் கடைசிப் பிரதிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். காத்திருக்க நேரமில்லை. மரக்கரண்டி முதுகால் தேய்த்தே எடுப்பது என்று முடிவு செய்தேன். முதலில் கறைபட்ட காகிதத்தில் ஒன்று. உரித்துப் பார்த்தால் எல்லாக் கண்ணும் கன்னத்தில் விழுந்திருந்தது. காகிதத்தின் மூலையை நிறுத்த ஒட்டியிருந்த அட்டையைப் பெயர்த்து ஒரு நூலளவு தள்ளி ஒட்டினேன். சிவப்பில் நகர்ந்திருந்த இன்னொரு காகிதத்தில் போட்டேன். பொருந்தியது. இனி சோதிக்கக் காகிதம் இல்லை.

பத்துக் காகிதம். மை உருட்டு, மூலையைப் பிடி, மூச்சை அடக்கி இறக்கு, தேய், உரி. ஏழாவதில் காற்றடித்து ஒரு ஓரம் தூக்கியது, முழங்கையால் அமுக்கினேன். பத்தாவதை உரித்து நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கியபோது ஆறுக்கு ஐந்து நிமிடம்.

"பரவாயில்லியே கண்டக்டரம்மா, கடைசி பஸ்ஸைப் பிடிச்சிட்டியே!" என்று சார் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படத்தில் எல்லா முகமும் கோபமாக விழுந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கொள்ளேகால்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. செய்தவர் வெட்கப்பட்டு நின்றுவிட்டார் என்று நினைத்தேன். சார் அப்படித்தான் சொன்னார்.

கண்காட்சியெல்லாம் முடிந்து ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து என் ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். சாருடையது கறுப்பு மட்டும். பெரிய வானம், முழுக்க நீள நீளமான வெள்ளைக் கோடுகள். கண்ணருகே கொண்டுபோனபோது கோடுகளின் நுனியில் ஏதோ தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்குள்ளும், நடுவுக்குச் சற்று இடது பக்கம், தலைமுடி அளவு ஒரு கறுப்புக் கோடு. உளியின் வாயில் ஒரு துணுக்கு பெயர்ந்திருந்தால் இப்படி வரும். வெட்டிய பள்ளத்துக்குள் மெல்லிசாக ஒரு மேடு நிற்கும், ஆழமில்லாத நுனியில் அதில் மை ஒட்டும்.

கட்டிலுக்கு அடியில் கிடந்த என் பழைய பலகையை இழுத்தேன். அந்த நான்கு வெட்டுக்கு மட்டும் மை தடவி ஒரு தாளில் தேய்த்து எடுத்தேன். நான்கிலும் அதே முடி. அதே இடது பக்கம். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் உளி. யார் கையிலும் கொடுக்காத உளி. கொள்ளேகால்காரர் தீட்டியிருந்தால் அந்தப் பெயர்ந்த இடம் முதல் நாளே தேய்ந்து சரியாகியிருக்கும்.

சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பழசை ஏன் கிளறறே? உன் படம் ஃபைல்ல வந்துடுச்சு, இல்லியா? அவர்தான் வரதும் இல்லையே" என்றார். இல்லை என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

அடுத்த விடுமுறையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கொள்ளேகால் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் தறிக்கான அட்டையில் ஓட்டை அடித்துக்கொண்டிருந்தார். "வாங்கக்கா" என்றார், நேற்றுதான் பார்த்ததுபோல. நான் தாளை நீட்டி, தப்பாகப் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். தாளை அவர் பார்க்கவே இல்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. நாந்தீட்டுன உளி அப்படிக் கீறாது."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அன்று மாடியில் அவர் சொன்னது என் பெரிய குரலில் எனக்கே கேட்கவில்லை.

அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மறுபடி மாடிக்கு வாருங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "நீங்க இங்க வந்து எங்கிட்ட மட்டும் சொல்லி என்னங்க ஆவுது? அன்னிக்கு ஆறு பேரு நின்னு பாத்தாங்க. அவங்களுக்கு நானு இன்னும் அதே ஆளுதானுங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆறு பேரும் படிக்கட்டும். ஆறு பேர் முன்னால் கத்தியவள், அதைவிட அதிகம் பேர் பார்க்கும் இடத்தில் சொல்கிறேன்: அவர் செய்யவில்லை. விசாரிக்காமல் கத்தியது நான், ஊரை இழுத்துப் பேசியது நான். அவரைத் திருடனைப்போல அனுப்பிவிட்டு, அவர் கொடுத்த பலகையிலேயே வேலையை முடித்ததும் நான். இப்போதெல்லாம் பஸ்ஸில் சண்டை வந்தால் முதலில் கத்துகிறவர் பக்கம் நான் திரும்புவதில்லை. பேசாமல் நிற்கிறவரைப் பார்த்துத்தான், என்ன நடந்தது என்று கேட்கிறேன்.

என் பங்கு முடிந்தது. உங்கள் பங்கு பாக்கி, சார். தெரியாமல் வெட்டியதை யாரும் பெரிதாக எடுக்க மாட்டோம், அந்தக் கட்டை குப்பைபோலத்தான் இருந்தது. தெரிந்தே வாயை மூடியதற்குப் பதில் சொல்லுங்கள். இந்த வருட ஃபைல் கட்டும் ஞாயிறன்று நான் பழைய பலகையோடு வருவேன். போனில் வேண்டாம், தோளைத் தட்டி வேண்டாம். எல்லோரும் நிற்கும்போது உங்கள் தகரப் பெட்டியைத் திறந்து, அந்த உளியை மேஜையில் வைத்து, இந்த நான்கு வெட்டும் யாருடையது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.