பந்து இல்லாத ஆட்டம்

எங்கள் மாமா வீடியோ எடுக்காத கல்யாணம் ரங்கூன் பபேடான் பேட்டைத் தமிழர்களிடையே கல்யாணமாகவே கணக்கில் வராது என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் மாமாதான். ஆனாலும் அதில் உண்மை இருந்தது. அவர் படத்தில் எந்தப் பெண்ணும் நடக்க மாட்டாள், மிதப்பாள். தாலி கட்டும்போது மேலேயிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த இதழ்களை அவர் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஓடுகிறவள். நன்றாக ஆடும் பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் செலவிலேயே படிக்க அழைத்துக்கொள்ளும் என்று எங்கள் விளையாட்டு ஆசிரியை சொன்னார். ரங்கூனில் ஆசிரியையைச் சயாமா என்போம். அந்தந்தக் கல்லூரிக் கோச்சுக்கு நாமே எழுதி, ஆடுகிற வீடியோவை அனுப்ப வேண்டுமாம். வேறு எந்த வகையிலும் என்னை வெளிநாட்டுக்கு அனுப்ப எங்கள் வீட்டில் வசதியில்லை. எனக்கோ அந்த நாளிலிருந்து வேறு கனவே வரவில்லை. வீடியோ என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

மழைக்காலம். மாமா குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மைதானக் கோட்டோரம் நின்றார். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு ஆடச் சொன்னார். நான் முறைத்ததும், கன்னத்தில் தனாக்காப் பட்டை அரைத்த குழம்பையாவது புதிதாகப் பூசிக்கொள் என்று இறங்கி வந்தார். பூசிக்கொண்டேன். "ஓடும்போது ஒரு தடவை மாமாவப் பாத்துச் சிரிச்சிரும்மா!" என்று கூடவே கத்திக்கொண்டு ஓடிவந்தார். அன்று நான் ஒரு கோல் போட்டேன். சிரிக்கவும் செய்தேன்.

கரண்ட் இருந்த ஒரு சாயங்காலம் குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்தது. திரையில் மழை கீழே வர மனமில்லாமல் இறங்கியது. என் பின்னல் ஒரு பக்கமாக எழும்பி, காற்றில் சற்று நின்று யோசித்துவிட்டு, மறுபக்கம் விழுந்தது. எங்கோ புல்லாங்குழல் ஒலித்தது. காலடியில் தெறித்த சேறுகூட அழகாக இருந்தது. இது நான்தானா என்று மயங்கிப்போனேன். அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர் கண்ணுக்கும் ஒரு குறையும் படவில்லை. அனுப்பிவிட்டோம்.

பெரும்பாலான கோச்சுகள் பதிலே போடவில்லை. ஒரு பெண்மணி மட்டும் மிக மரியாதையாக எழுதியிருந்தார். படம் அற்புதமாக இருக்கிறதாம். ஆனால் பந்து எங்கே என்று கேட்டிருந்தார்.

ஓடிப்போய்த் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பந்தே இல்லை. படம் முழுக்க என் முகம்தான். கோல் விழுந்த நேரத்தில்கூட நான் சிரிப்பதுதான் இருந்தது. வெட்டாத படத்தையாவது கொடுங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கேமரா மணப்பெண்ணை விட்டு நகரக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். அன்றைக்கு அந்தக் கேமராவுக்கு நான்தான் மணப்பெண்.

என் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்கள் என்று அழுதேன். மாமாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அவங்க பந்தையா கூட்டிட்டுப் போகப்போறாங்க? பொண்ணைத்தானே?" என்றார். நியாயம்தானே என்பதுபோல் அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

அடுத்த ஆட்டத்தைச் சயாமாவே பள்ளி மொட்டைமாடியில் நின்று போனில் எடுத்தார். மைதானம் முழுவதும் தெரிந்தது, பந்தும் தெரிந்தது. நான் எறும்பு அளவில் இருந்தேன். முதுகில் இருந்த எண்ணைச் சொல்லி, இதுதான் நான் என்று எழுத வேண்டியிருந்தது. அந்த எறும்பின் ஓட்டம், பந்து எங்கே என்று கேட்ட கோச்சுக்குப் பிடித்துவிட்டது. இடம் கிடைத்தது. தன் படம் முதலில் போய்க் கதவைத் தட்டியதால்தான் எல்லாம் நடந்தது என்று மாமா தெருவில் எல்லோருக்கும் மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா வாங்கிக் கொடுத்தார். அவர் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை.

அங்கே போய்ச் சில மாதம் கழித்து ஒருநாள் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தேன். அம்மா போனை டிவி பக்கம் திருப்பினாள். மாமா எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தால் முதல் வேலை இதுதானாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சயாமா எடுத்ததைப் போடுங்கள், அதில்தான் நான் நன்றாக ஆடியிருக்கிறேன் என்றேன்.

"அதுல நீ சட்டுனு ஓடிப் போயிடுறடி," என்றாள் அம்மா. "இதுலதான் மெதுவாப் போற."

அம்மாவுக்கு எத்தனை சொன்னாலும் விளையாட்டு விளங்காது என்று நினைத்துக்கொண்டேன். பயிற்சிக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு ஓடினேன்.