புள்ளக்காம்பராவுக்கு வந்த லைன்

"பஸ்ஸே இந்த வளைவோட திரும்பிப் போயிருது. உன் இன்டர்நெட்டு மட்டும் லயம் வரைக்கும் ஏறி வந்துருமா புள்ள?"

சேரம்பாடிக்கு மேலே, எங்கள் எஸ்டேட் வளைவில் டீக்கடை வைத்திருக்கும் மாமா இப்படிக் கேட்டபோது கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் சின்ன வயதில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வந்த இடத்திலும் அவர்களுக்குத் தேயிலைதான். நான் கூடலூரில் கல்லூரிக்குப் போய்க் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினேன். அப்பா அதைச் சாமி படத்துக்கு மேலே மாட்டினார். அம்மா திட்டிய பிறகு கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினார்.

பட்டம் வந்த நேரம் தேயிலை விலை விழுந்து கிடந்தது. வேலை நாட்கள் பாதியாகின. சில மலைகளில் கொழுந்து எடுப்பதையே நிறுத்தினார்கள். இடுப்பளவில் இருக்க வேண்டிய செடிகள் மரமாக வளர்ந்து, புல்லும் கொடியும் மூடிக்கொண்டன. எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். அப்பாவும் போய் அங்கே ஓர் அறை பார்த்துவிட்டு வந்தார். "பொங்கல் கழிச்சுக் கெளம்பிருவோம்" என்றார்.

எனக்குப் போக மனமில்லை. பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தரும் வேலைக்கு விண்ணப்பித்து, முதல் தேர்வில் தேறியும் இருந்தேன். அடுத்து ஒரு மணி நேரம் நேரலையில் பாடம் நடத்திக்காட்ட வேண்டும். அந்த வேலை கிடைத்தால் நாங்கள் மூவரும் இங்கேயே இருக்கலாம். ஆனால் லயத்துக்குள் சிக்னல் கிடையாது. சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் போகிற வழியில் யானை நிற்கும்.

இன்டர்நெட் கம்பெனிக்காரர்களிடம் கேட்டால், "ஒரு லயத்துக்காக அவ்வளவு தூரம் கேபிள் இழுத்தாக் கட்டுப்படியாகாதும்மா" என்பார்கள். கட்டுப்படியாகாத இடங்களுக்கென்றே அரசு மானியம் தருகிறது என்பதை ஊராட்சி அலுவலகத்தில்தான் தெரிந்துகொண்டேன். மின்சாரம் உள்ள, ஒழுகாத ஒரு பொதுக் கட்டடம் இருந்தால் அதுவரை கேபிள் வரும் என்றார் செயலர். எங்களிடம் புள்ளக்காம்பரா இருந்தது. கொழுந்து எடுக்கப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. நானும் அங்கே தூளியில் கிடந்தவள்தான். பிள்ளைகள் குறைந்துபோனதால் பூட்டிக் கிடந்தது. எஸ்டேட் ஆபீஸில் கேட்டதும் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார்கள். அப்பாவும் நானும் உடைந்த ஓடுகளை மாற்றினோம்.

கைவிட்ட மலையின் குறுக்கே, சில்வர் ஓக் மரங்களைப் பிடித்துப் பிடித்துக் கேபிள் வந்து சேர்ந்தது. சுவரில் மாட்டிய பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். "சூடே இல்லையே" என்றாள்.

நான் பாடம் நடத்த வேண்டிய நாளுக்கு முந்தின நாள், பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது.

சாயங்காலம் வேலைவிட்டு வந்த அம்மா மடியிலிருந்து ஒரு முழக் கேபிள் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். கைவிட்ட மலையைத் திருத்தச் சொல்லி அன்று பெண்களை அனுப்பியிருந்தார்கள். காற்றில் கிளை முறிந்து கேபிள் செடிகளின் மேல் தொய்ந்து கிடந்திருக்கிறது. தேயிலை மேல் எந்தக் கொடி படர்ந்தாலும் அறுத்து எறிவதுதான் எங்கள் பெண்களுக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம். கண் பார்ப்பதற்கு முன் கை போய்விடும்.

"வெட்டுனப்பவே ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள் அம்மா. "பால் வரல."

"திருப்பூருக்கே போங்கன்னு சாமி சொல்லுது போல" என்றார் அப்பா.

"சாமி ஒண்ணும் சொல்லல. வெட்டுனது நானு. ஒட்டவைக்கிறவரு யாருன்னு கேளு, கூப்புடு."

மேட்டுப்பாளையத்துக்காரரான லைன்மேன் அண்ணன் மறுநாள் காலையிலேயே கொட்டுகிற மழையில் ஜீப்பில் வந்து இறங்கினார். அறுந்த இழைகளை ஒட்டுகிற மெஷினில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் போச்சு என்றார். "ஏனுங்க, மழை விடட்டுமுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

என் பாடம் அன்று சாயங்காலம். அம்மா நேரே அவரிடம் போனாள். செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த கெட்டியான படங்கை அவிழ்த்து அவர் தலைக்கு மேலே பிடித்தாள். கூட வேலை செய்தவர்களும் படங்குகளை அவிழ்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு கூடாரமே எழுந்துவிட்டது.

"இதப் போயி கொடின்னு வெட்டிப்போட்டீங்களாமாக்கா?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"தேயில மேல ஏறுனா வெட்டாம, கும்புட்டுட்டா வருவாங்க?" என்றாள் அம்மா.

"அடுத்த தடவ பூப் பூக்குறதா பாத்துக் கொண்டாங்க தம்பி. வெட்ட மாட்டோம்" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

"சிரிக்காதீங்கக்கா, கை ஆடுது, தண்ணி சொட்டுதுங்க!"

சாயங்காலம் பச்சை விளக்கு எரிந்தது. நான் தூளியில் கிடந்த அதே அறையில் உட்கார்ந்து, எந்த ஊர் என்றே தெரியாத பிள்ளைகளுக்குப் பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தேன். வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெண்கள் ஈரச் சேலையோடு நின்றிருந்தார்கள். இருமல் வந்தவர்கள் தள்ளிப் போய் இருமிவிட்டு வந்தார்கள். அது எனக்கு உள்ளே கேட்டது. அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன்.

வேலை கிடைத்தது. அப்பா திருப்பூர் அறைக்காரருக்குப் போன் போட்டு, "நாங்க வரலைங்க, மக இங்கயே டீச்சர் ஆயிட்டா" என்று, லயம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார். இன்றும் பாடம் தொடங்குமுன் அந்த விளக்கைப் பார்க்கிறேன். முகம் தெரியாத எத்தனையோ பேரின் வரிப்பணம் இந்தச் சுவர் வரை வந்திருக்கிறது. கடைசியில் அதை நனையாமல் காத்தவர்கள் என் லயத்துப் பெண்கள். இரண்டு தரப்புக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள்.

அந்தப் பெண்களே பழைய சிவப்புச் சேலைகளைக் கிழித்துக் கேபிள் நெடுகக் கட்டிவிட்டார்கள். கத்தி பிடித்த கைக்கு இனி அடையாளம் தெரியும்.

மேல் லயத்தில் இன்னும் லைன் இல்லை. போன கிராம சபையில் எழுந்து நின்று, அங்கேயும் மானியத்தில் கேபிள் வேண்டும் என்று கேட்டேன். தீர்மானம் போட்டார்கள். அளக்க ஆட்கள் வருகிறார்களாம். "அங்க பாதையே கெடையாதே புள்ள" என்றார் டீக்கடை மாமா. இந்த முறை டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நேற்று அம்மாவும் நானும் அந்த வழியே நடந்து, கேபிள் கட்டத் தோதான மரங்களாகப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தோம்.