நாய் என்று கூப்பிடுகிறவர்

கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, “கறுப்பு நாய், உள்ள வாங்க” என்பார் என் சம்பந்தி. கறுப்பு நாயோடு வந்தவர்கள் எழுந்து போவார்கள். கதவு மூடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தலை. “காதுல கட்டுப் போட்ட நாய், வாங்க.” கால்நடை ஆஸ்பத்திரியில் அவருக்கு இதுதான் வேலை. வரிசையாக உள்ளே கூப்பிட வேண்டும், மேசைமேல் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு தரையைத் துடைக்க வேண்டும்.

என் மருமகளைப் பெற்றவர். பெண்டாட்டி போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று சட்டையை உதறு உதறென்று உதறுவார். அப்படியும் என் தலையணையில் நாய் முடி ஒட்டியிருக்கும். கேட்டால், “அது உங்க முடியாவும் இருக்கலாம், சம்பந்தியம்மா” என்பார். வாய்க் கொழுப்பு.

ஒவ்வொரு நாய்க்கும் வீட்டில் ஆசையாக ஒரு பேர் வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்லிக் கூப்பிடக் கூடாதா என்று கேட்டேன். கூடாதாம். சொந்தப் பேரைக் கேட்டால் அது கயிற்றை அறுத்துக்கொண்டு பாயும், அடுத்தது குரைக்கும், கூடைக்குள் பூனைகள் சீறும். “நாய்னு சொல்லிப் பாருங்க, ஒண்ணாவது திரும்புதா? அப்படி ஒரு பேரு இருக்கறதே அதுக்குத் தெரியாது. நாம நமக்குள்ள வச்சுக்கிட்டது.”

அந்தப் பேரை யார் வைத்தார்கள் என்பதுதான் அவருக்குத் தீராத யோசனை. சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு. நாக்கைத் தொங்கப் போடுவதால் அந்தப் பேர் வந்திருக்கும் என்றான் என் மகன். “மாடுகூடத்தான் நாக்கை நீட்டுது, மாப்பிள்ளை.” மகன் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவருடைய எண்ணம் வேறு. “மொதல்ல பேரு வச்சவன் திட்டறதுக்கா வச்சிருப்பான்? இருட்டுல தனியாக் கிடந்தவன் பக்கத்துல வந்து படுத்துச்சே, அதுக்கு ஆசையாத்தான் வச்சிருப்பான். பின்னால வந்தவங்க வாய்தான் சும்மா இருக்கல.”

எங்கள் வீட்டில் யாரும் “நாய் மாதிரி உழைச்சேன்” என்று சொல்லிவிட முடியாது. “எந்த நாயைச் சொல்றீங்க? நம்ம தெருவுல இருக்கறது மத்தியானம் பூரா காருக்கு அடியில தூங்குது.” நன்றிக்கு நாயைக் காட்டுகிற அதே வாய், மறு நிமிஷம் “நன்றிகெட்ட நாயே” என்கிறதே, அது என்ன நியாயம் என்பார். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். “கோபத்துல வாயில வந்துடுது, நான் என்ன பண்ண?”

“பூனையேன்னு திட்டுங்களேன்.”

திட்டிப் பார்த்தேன். கோபமே போய்விட்டது.

இந்த வம்பு ஆஸ்பத்திரியிலும் முளைத்தது. “எங்க பிள்ளையை நாய்ங்கறார்” என்று யாரோ போய் முறையிட்டார்கள். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இனிமே செல்லம்னு கூப்பிடுங்க. இன்னொரு புகார் வந்தா நான் வேற ஆள் பாத்துக்குவேன்.” மருமகள் கெஞ்சினாள். “செல்லம்னு சொன்னா வாய் தேஞ்சா போயிடும்ப்பா?” அவள் பயம் அவளுக்கு. அம்மா போன புதிதில் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். இந்த வேலைதான் அவரை எழுப்பி நடமாட வைத்தது. இது போனால் மறுபடி அந்தச் சுவர்தான். எனக்கும் அந்தப் பயம் உண்டு, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

போன வாரம் எங்கள் பூனைக்கு ஊசி போடக் கூடையோடு போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் சட்டை மடிப்புக் கலையாத ஒரு பெரிய மனிதர். அவர் காலடியில் பழுப்பு நாய் ஒன்று, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு. கதவு திறந்தது.

“பழுப்பு நாய், உள்ள வாங்க.”

“யாரை நாய்ங்கற? அவன் என் பையன்!” பெரிய மனிதர் எழுந்துவிட்டார். “மரியாதை தெரியாத நாயே!”

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. “சார்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. கேட்டுட்டு, நான் சொன்ன மாதிரி கூப்பிடுங்க. இல்லன்னா இன்னையோட சரி.”

எழுந்து நாலு வார்த்தை கேட்கத்தான் பார்த்தேன். மருமகள் முகம் கண்ணில் நின்றது, உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தி கைகூப்பினார். “மன்னிச்சுக்கங்க சார்.” அதைச் சுலபமாகச் சொல்லிவிட்டார். செல்லம் என்று கூப்பிடுவதுதான் வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். நாயோ சத்தத்தில் மிரண்டு நாற்காலிக்கு அடியில் ஒடுங்கிவிட்டது. பெரிய மனிதர் கயிற்றை இழுக்கிறார், “வாடா செல்லம், வாடா செல்லம்” என்கிறார், அது அசைகிறபாடில்லை.

சம்பந்தி கதவை விட்டு வந்தார். முட்டி நோக, தரையில் குந்தினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, புறங்கையை மட்டும் நாற்காலிக்கு அடியில் நீட்டி வைத்திருந்தார். அது மோந்து பார்த்தது. மறுபடி மோந்தது. பிறகு மெல்ல வெளியே வந்து அவர் பின்னாலேயே நடந்தது. கயிற்றின் மறுமுனையில் பெரிய மனிதரும் போனார். டாக்டரம்மா கதவை அகலத் திறந்து, ஒதுங்கி நின்றார்.

இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார். நாய் என்றும் கூப்பிடுவதில்லை, செல்லம் என்றும் கூப்பிடுவதில்லை. வெளியே வருகிறார், யார் முறையோ அந்த நாற்காலிக்கு முன்னால் குந்துகிறார், புறங்கையை நீட்டிக் காத்திருக்கிறார்.