நான் எமிக்ரேஷன் ஆபீசராக இருந்த விடுமுறை

1994 மே 12, வியாழக்கிழமை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அந்த ஆண்டுதான் தொடங்கியது. அதனால் தேதியில் ஐயமில்லை. பள்ளி விடுமுறை. விடிவதற்குள் குழாயில் தண்ணீர் வந்தது, அம்மாவோடு நானும் பிடித்து வைத்தேன். அப்பா தோசை சாப்பிட்டுவிட்டு, சாலைக் கடைத்தெருவில் தாம் கணக்கெழுதும் பலசரக்குக் கடைக்கு நடந்து போனார். அம்மா துணி துவைத்தாள். அத்தை முன்னறையில் தையல் மிஷின் அருகே உட்கார்ந்து, தைத்து முடித்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். புதிதாகத் தைக்கத் துணி எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் விமானம் ஏற வேண்டியிருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. நாகர்கோவிலிலிருந்து வந்து, மலையாளம் பேசும் ஊரில், ஆரியசாலையில் எங்களோடு இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. வளைகுடாவில் பெரிய தையற்கடையில் அவளுக்கு வேலை வாங்கித் தருவதாக ஏஜெண்ட் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடந்திருக்காது. அவர் வந்தால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார். அம்மா அவருடைய காப்பிக்கு மட்டும் தண்ணீர் கலக்காத பாலை விடுவாள். அவரும் அப்பாவை அண்ணாச்சி என்பார். அத்தையை, மலையாளத்தில் தங்கையை அழைப்பதுபோல், பெங்ஙளே என்பார்.

தையல் வேலைக்குப் போவதாகச் சொன்னால் ஏர்போர்ட்டில் எமிக்ரேஷன் ஆபீசர் ஆயிரம் காகிதம் கேட்பாராம். அதனால் அங்கே புருஷன் இருக்கிறான், அவனிடம் போகிறேன் என்று அத்தை சொல்ல வேண்டும். தடுமாறாமல் சொல்ல ஒத்திகை வேண்டும். ஆபீசர் வேடத்துக்கு என்னைப் பிடித்தார்கள். எனக்குப் பத்து வயது. அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். தையல் மிஷின் கவுண்டர் ஆயிற்று. நூல்கண்டு முத்திரை ஆயிற்று.

"எங்க போறீங்க?"

"புருஷன்கிட்ட."

"அவரு என்ன வேலை பாக்காரு?"

"கம்பெனில டிரைவர்."

டொக்கென்று முத்திரை குத்துவேன். அந்த விடுமுறையில் அதைவிட நல்ல விளையாட்டு எனக்கு இல்லை.

வியாழக்கிழமை மாலை ஏஜெண்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மஞ்சள் கயிற்றில் கோத்த கவரிங் தாலி. கழுத்து வெறுமையாக இருந்தால் ஆபீசர் நம்ப மாட்டாராம்.

"உள்ளே போய் கழட்டினா போதும். ஒரு வேஷம், அத்ரதான்," என்றார்.

காப்பி கொண்டுவந்த அம்மா நின்றுவிட்டாள். அப்பா செருமினார். "ஒரு நாளைக்குத்தானே..." என்று சுவர்க் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அத்தை தாலியைக் கையில் வாங்கி, கட்டிக்கொள்ளாமல் மிஷின்மேல் வைத்தாள்.

"ஆபீசரே, தொடங்கு," என்றார் ஏஜெண்ட்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஆபீசர் என்றால் இன்னும் கொஞ்சம் கெடுபிடி வேண்டாமா என்று தோன்றியது. "உங்க புருஷன் அங்க ஏர்போர்ட்டுக்கு வரலன்னா யாரத் தேடுவீங்க?" என்று கேட்டேன்.

ஏஜெண்ட் சிரித்தார். "அது பாடத்துல இல்லாத கேள்வியாக்கும், மோளே."

அத்தை சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பினாள். "பிள்ள கேக்கது சரிதானே? என்னைக் கூப்பிட யாரு வருவா?"

"கம்பெனி ஆளு வரும்."

"கம்பெனி பேரு?"

"அங்க போனா தெரியும் பெங்ஙளே."

"என் பாஸ்போர்ட்ட எப்பத் தருவீங்க?"

"அது என் கையில பத்திரமா உண்டு. அங்க முதலாளி கையிலதான் குடுக்கணும். வீட்டுக்குள்ளயே கிடக்கிறவளுக்கு பாஸ்போர்ட் எதுக்கு?"

"வீட்டுக்குள்ளயா? தையக்கடைன்னுல்லா சொன்னீங்க?"

"கடையும் உண்டு, வீடும் உண்டு..."

அத்தை எழுந்துவிட்டாள். "தையக்காரின்னு சொல்லி ஏறக் கூடாது. இல்லாத புருஷனுக்குப் பொண்டாட்டியா ஏறணும். பாஸ்போர்ட்டும் கையில இருக்காது. அங்க எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எங்கண்ணன் யாருன்னு சொல்லி என்னைத் தேடுவான்?"

ஏஜெண்டின் முகம் மாறியது. இந்த வேலைக்கு எத்தனை பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள் தெரியுமா என்று குரலை உயர்த்தினார்.

"அம்புட்டு நல்ல வேலைன்னா உங்க சொந்தப் பெங்ஙள அனுப்புங்களேன்," என்றாள் அம்மா. காப்பியை உள்ளே திருப்பிக் கொண்டுபோனாள்.

தாலியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டார். பாஸ்போர்ட்டைப் பற்றி 'பார்க்கலாம்' என்று மட்டும் சொன்னார். அப்பா தெருமுனைவரை கூடவே போய், "ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க," என்று கேட்டுக்கொண்டார். முப்பது வருடம் கழிந்தும் எனக்கு ஆறவில்லை. தன் தங்கையை அடையாளமில்லாதவளாக்கி யாருடைய வீட்டுக்குள்ளோ அடைக்கப் பார்த்தவனிடம் அப்பா மன்னிப்புக் கேட்டார்! பழக்கத்தில் நானும் இதுவரை 'அவர்' என்றே எழுதிவிட்டேன். போதும். இனி அவன்தான். இன்று கைபேசியில் வேலை விளம்பரமாக வருகிறவனும் அவனேதான். கம்பெனி பேரைக் கேட்டால் இன்றும் போனால் தெரியும் என்றுதான் சொல்கிறான்.

அன்று எனக்கு இதெல்லாம் புரியவில்லை. பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டு ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேன் என்று எண்ணி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை அத்தை முதலில் என்னைத்தான் தட்டினாள். "ஆபீசரே, எழும்பு."

பல்கூட விளக்கவில்லை. அம்மா, அத்தை, நான் மூவரும் சாலைக் கடைத்தெருவில் அவன் தங்கியிருந்த லாட்ஜுக்கு நடந்தோம். கடைகள் திறந்திருக்கவில்லை. லாரியிலிருந்து சுமைக்காரர்கள் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை லாட்ஜ் படியில் நின்று, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி மலையாளத்தில் கத்தினாள்: "என்டெ பாஸ்போர்ட்டு தா!"

மூட்டைகள் கீழே இறங்கின. இரண்டு பேர் படியருகே வந்து நின்றார்கள். அவன் கைலியோடு ஓடிவந்து, சத்தம் போட வேண்டாம் என்று கெஞ்சி எங்களை அறைக்குக் கூட்டிப்போனான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துத் திறந்தான். ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டு. விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, அத்தையுடையதை உருவிக் கொடுத்தான். அவள் படத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

நான் பைக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் செய்தித்தாள் பொட்டலங்கள் நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மஞ்சள் கயிறு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஊரிலேயே ஆபீசர் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.