முந்நூறு டாலர் துவக்கு

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் குடியிருந்த அந்த மனிதரிடம் ஒரு பழைய வேட்டைத் துவக்கு வாங்கப் போயிருந்தேன். கண் மங்கியதால் விற்கிறாராம். பேசும்போதெல்லாம் தடித்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் உரிமத்தைச் சரிபார்த்துவிட்டு எழுநூறு டாலர் என்றார். நான் துவக்கின் மரக்கட்டையிலிருந்த கீறலைக் காட்டினேன்.

“கடையில புதுசே இந்த விலைக்கு வரும், அண்ணை. நானூறு தாறன்.”

அவர் கோபிக்கவில்லை. “மான் வேட்டைக்குத்தானே?” என்றார்.

“ஓம்.”

“அப்ப முந்நூறு தாரும். ஆனா முதல் மான் விழுந்த உடன, இந்தத் துவக்கோட நிண்டு படமெடுத்து ஒருத்தனுக்கு அனுப்பவேணும். பத்து வருசம் என்னோட வேட்டைக்கு வந்தவன். நான் சுட்ட மானைத் தான் சுட்டதெண்டு சொல்லி, தலையை வீட்டில மாட்டி வைச்சிருக்கிறான். இந்தத் துவக்கைக் கண்டா, நான் மறக்கேல்லையெண்டு அவனுக்கு விளங்கும்.”

சம்மதித்தேன். பேரம் பேசத் தெரிந்தவன் என்று வீடு வரும்வரை என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன்பின் எனக்கு ஒரு மானும் விழவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அவரிடமிருந்து போன் வரும். “விழுந்திட்டுதோ?”

போன மாதம், அந்தப் பழைய கூட்டாளி இறந்துவிட்டதாக டோர்வலில் என் வேலையிடத்தில் கேள்விப்பட்டேன். இனி எனக்கு விடுதலை என்று நானே அவரை அழைத்துச் சொன்னேன். போனில் துணி உரசும் சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

“அவன்ர மனுசி இருக்கிறாதானே,” என்றார். “அவவுக்கு அனுப்பும்.”