அடீனியத்துக்கு இரண்டு வேளை தண்ணீர்

சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பத்து நாள் கழித்து பாணேரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். பால்கனிக் கதவைத் திறந்ததும் அழுகல் வாடை அடித்தது. அதிகம் தண்ணீர் ஆகாத என் அடீனியச் செடியின் பருத்த அடித்தண்டு, தொட்டால் கொழகொழவென்று அமுங்கியது.

“தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தினேன்” என்றார் கணவர், பெருமையாக.

கத்துவதற்கு வாயெடுத்தேன். அந்த வாடை என்னை, சின்ன வயதில் நாங்கள் இருந்த சிஞ்ச்வட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலை வேலை. ஒவ்வொரு மே மாதமும் அம்மாவும் நானும் வேலூருக்குப் போய்விடுவோம் என்பதால், டால்டா டின்களில் அம்மா நித்தியகல்யாணி மட்டுமே வளர்த்தாள். அப்பா எப்போதாவது ஒரு சொம்பு ஊற்றினால் போதும், பூத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு வருஷம் அப்பாவுடன் சண்டை போட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே என்னைக் கூட்டிக்கொண்டு அம்மா ரயிலேறினாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துக்கு எனக்காகத்தான் திரும்பி வந்தாள். வாசலில் அத்தனை டின்களும் சேறாகிக் கிடந்தன. ஒரு செடிகூட மிஞ்சவில்லை.

“யாருங்க இதுக்கு இவ்ளோ தண்ணி ஊத்துனது?”

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். “நீ இல்ல. எனக்கு வேற என்னா செய்றதுன்னு தெரியல.”

அம்மா பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அதற்கப்புறம் அப்பாவை விட்டு வேலூர் போகவில்லை.

இப்போது இருவருமே இல்லை. நான் தொட்டியைக் கவிழ்த்தபடி கணவரிடம் கேட்டேன்.

“ஏன் இவ்ளோ ஊத்தினீங்க?”

பதிலுக்காக, சின்னப் பெண்ணைப்போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வெயில் ஜாஸ்தியா இருந்துதே” என்றார்.